வெள்ளை டேப்

ரேசெக்னேயில் ஏறிய பேருந்து
தார் முடியும் இடத்தில் இறக்கிவிட்டது.
மிச்சம் மூன்று கிலோமீட்டர்.
டப்ளினில் வாங்கிய பெட்டியின் சக்கரங்களுக்கு
லாட்வியச் சரளை பிடிக்கவில்லை.
ஒன்று கழன்று ஓட்ஸ் வயலுக்குள் ஓடியது.
தேடவில்லை.

ஆகஸ்ட் கடைசி. கம்பத்தின் மேல் நாரைக்கூடு காலி.
நாய்ச் சங்கிலி புல்லுக்குள் கிடந்தது,
நாய் எப்போது போனதென்று
தொலைபேசியில் யாரும் சொல்லவில்லை.
நான் கேட்டிருக்க வேண்டும்.

"மெலிஞ்சுட்டா" என்றாள் லியொன்டீனா அத்தை.
"பெருத்துட்டா" என்றார் டோனாட்ஸ் பெரியப்பா.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து.
மணமாகாத அக்காவும் தம்பியும்
ஒரே கூரைக்குக் கீழ்
அறுபது வருடமாக நடத்தும் வழக்கு.
நான் அன்றைய சாட்சி.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்:
நாற்காலி முதுகில் வெள்ளை டேப்,
ஊதா மசியில் சாய்ந்த எழுத்து. ஐவார்ஸ்.
சுவர்க் கடிகாரத்தில் ஸ்கைட்ரீட்டே.
மாதா படத்தின் சட்டத்தில்,
தையல் இயந்திரத்தில்,
காபி அரைக்கும் பெட்டியில்,
தேன் எடுக்கும் உருளையில்,
யாரோ யாரோ.
"நான் போனப்புறம் நீங்க அடிச்சுக்கக் கூடாது பாரு"
என்று குளிர்ந்த பீட்ரூட் சூப்பை ஊற்றினாள்.
சூப் சட்டியிலும் ஒரு பெயர்;
நனைந்து, 'இல்மா' வரைதான் இருந்தது.

என் பெயரைத் தேடினேன்.
வெட்கமாகத்தான் இருந்தது,
ரொட்டியை மென்றபடி, கண்ணால் மட்டும் தேடினேன்.
அலமாரிக் கதவு, விளக்கு, எடைக்கற்கள்.
எங்கும் இல்லை.
பதினோரு வருடம் வராதவளுக்கு
அதுவும் சரிதான் என்று
இன்னொரு உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டேன்.

நடு அறைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள்.
சின்ன வயதில் அதில் ஏறினால் அடி விழும்.
கஞ்சி போட்ட விரிப்பு,
தலையணை மேல் மடித்த துண்டு.
நான் விருந்தாளியான வருடம் எது?

நள்ளிரவில் சர்ரென்று ஒரு சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
பனியனும் ரப்பர் பூட்ஸுமாய்ப் பெரியப்பா
கடிகாரத்திலிருந்து ஸ்கைட்ரீட்டேவை உரித்துக்கொண்டிருந்தார்.
காது கேட்காத மனிதர்,
தான் சத்தமே போடவில்லை என்று நினைத்து
அத்தனை சத்தம் போட்டார்.

காலையில் தக்காளிக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.
ஜூனில் ஆலங்கட்டி மழை
பிளாஸ்டிக் கூரையைச் சல்லடையாக்கியிருந்தது.
ஓட்டைக்கு ஓட்டை வெள்ளை டேப்.
"நல்ல பசை. உன் அத்தை வீணாக்கறா."
காளான் பண்ணையின் இருட்டுக்குப் பழகிய
என் கண் கூசியது.
மேலே வெயில், வெயிலில் எங்கள் குடும்பம்,
ஐவார்ஸ், ஸ்கைட்ரீட்டே, பாதி இல்மார்ஸ்,
செத்துப்போன அன்டோன்ஸ்கூட,
எல்லாரும் தலைகீழாக, ஊதாவாக,
தக்காளிகளுக்கு மேல்.

கதவோரம் பெரிய கிழிசல். அதில்
வியா. வியா. வியா. வியா.

எதில் உரித்தது என்று கத்திக் கேட்டேன்.
ஒரு தக்காளியைத் திருகிப் பார்த்தார்.
"கட்டில்" என்றார்.
"நாலு காலிலயும் ஒட்டியிருந்தா.
ஒண்ணு போதாதா?"

வியாழக்கிழமை கடைவண்டி வந்தது.
அத்தை சன்னலிலிருந்து பட்டியல் சொன்னாள்:
உப்பு, ஈஸ்ட், தீப்பெட்டி, வெள்ளை டேப்.
"அகலமா இருக்கட்டும்."
விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து பெரியப்பா,
அதை மட்டும் எப்படிக் கேட்டாரோ,
"ஆமா, அகலந்தான் நல்லது" என்றார்.

இரண்டு சுருள் வாங்கினேன்.